கூரைக்கடியில் நின்ற காரில் தண்ணீர்

ஆகஸ்ட் 4: 310 மில்லி. மழை இல்லை.
ஆகஸ்ட் 11: 290 மில்லி. மழை இல்லை.
ஆகஸ்ட் 18: 345 மில்லி. மழை 12 மி.மீ.
ஆகஸ்ட் 25: 0. மழை 31 மி.மீ.
செப்டம்பர் 1: 420 மில்லி. மழை இல்லை.
செப்டம்பர் 8: 385 மில்லி. மழை இல்லை.
செப்டம்பர் 15: 450 மில்லி. மழை இல்லை.
மொத்தம்: 2,200 மில்லி.

இது எதிர்வீட்டுக்காரரின் கார் டிக்கியிலிருந்து எடுத்த தண்ணீரின் அளவு. ஏழு தேதிகளும் ஞாயிற்றுக்கிழமைகள். நேரம் காலை ஒன்பது மணி. பஞ்சால் ஒற்றிப் பிழிந்து கொடுத்தவர் அவர், அளவுக் குப்பியில் ஊற்றிப் படித்தவன் நான். மழையளவு என் மொட்டைமாடியில் இருக்கும் மழைமானியின்படி. அது ஒவ்வொரு ஞாயிறும் முடிந்த வாரத்துக்கான அளவு.

பட்டறையில் அவரை டிக்கி அண்ணன் என்று கூப்பிட்டார்கள். முதலாளியும் அப்படித்தான் கூப்பிட்டார். உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. ஒரே பட்டறையில் முப்பத்தோரு வருடம். காருக்குள் தண்ணீர் வருகிறது என்று யார் போனாலும் அவரிடம்தான் அனுப்புவார்கள். முதலில் ஸ்டெப்னி டயரையும் விரிப்பையும் வெளியே எடுத்து, டிக்கியைத் துணியால் உலரத் துடைப்பார். பின்விளக்குகளின் ஓரம், ரப்பர் பீடிங்கின் அடி, கீல்களின் பக்கம் என்று எல்லா இடத்திலும் சாக்பீஸ் தூளைத் தடவுவார். பிறகு டார்ச்சோடு உள்ளே சுருண்டு படுத்துக்கொண்டு, “மூடு” என்பார். வெளியே ஒருவர் குழாயில் தண்ணீர் அடிக்க வேண்டும். கீழே தொடங்கி மேலே போக வேண்டும், ஓரிடத்துக்கு மூன்று நிமிடம். மேலே தொடங்கினால் எல்லாம் ஒன்றாக நனைந்துவிடும், எது ஓட்டை என்று தெரியாது. தூளில் கறுப்பாக ஒரு கோடு இறங்கியதும் உள்ளிருந்து இரண்டு தட்டு தட்டுவார். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. இடம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று பொருள்.

ஒருமுறை ஒரு வக்கீலின் காரில் ஸ்டெப்னி குழிக்குள் சிந்திக் கிடந்த பயறு விரல் நீளத்துக்கு முளைத்திருந்தது. “என்ன சார், சைடுல விவசாயமா? அறுவடைக்குச் சொல்லி அனுப்புங்க” என்றாராம். இதை என்னிடம் குறைந்தது நான்கு தடவை சொல்லியிருக்கிறார். நான்கு தடவையும் முளையின் நீளம் கூடிக்கொண்டே போனது.

அவருக்கு ஒரே மகன். வயது இருபத்துநான்கு. ஜூன் 9ஆம் தேதி காலை தன் சிறிய காரை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பவில்லை. மறுநாள் அந்தக் கார் நீர்த்தேக்கத்தின் கரையில் நின்றது. கதவுகள் பூட்டியிருந்தன, சாவி முன் டயரின்மேல் இருந்தது. பின்சீட்டில் அவன் பை. வேறெதுவும் இல்லை. பதினாறு நாள் தண்ணீரில் தேடினார்கள். ஜூலை 14ஆம் தேதி காரைத் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கூரைக்கடியில் அதை நிறுத்தி, முன்னால் தார்ப்பாய் தொங்கவிட்டார். தேடுதல் அலுவலகத்திலிருந்து அதுவரை இரண்டு கடிதங்கள் வந்திருந்தன. இரண்டாவதோடு ஒரு படிவம் இருந்தது. பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டால் தேடுதலை முடித்துக்கொள்வார்கள். அப்பா கையெழுத்துப் போட்டார். அம்மா போடவில்லை.

அந்த அம்மாள் நூலகத்தில் வேலை பார்த்தவர். ஜூனிலிருந்து விடுப்பில் இருந்தார்.

ஆகஸ்ட் 4 காலை டிக்கி அண்ணன் தெருவைக் கடந்து வந்து என் வாசலில் நின்றார்.

“ஐயா, போன வாரம் மழை பெஞ்சுதா?”

“ஒரு பொட்டு இல்ல.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

பதிவேட்டைக் காட்டினேன். விரலை வைத்து வரிசையாகப் பார்த்தார். “அப்ப உங்க குப்பியக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க” என்றார்.

ஸ்டெப்னி குழியில் தண்ணீர் நின்றது. மேலே கூரை உலர்ந்திருந்தது, தரை உலர்ந்திருந்தது, காரின் மேற்புறத்தில் தூசி கலையாமல் இருந்தது. நான் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் சமையலறைக் கதவருகே வந்து நின்றார்.

“அவன் நனைஞ்சபடியே வந்து உக்கார்றான் அண்ணே” என்றார் என்னிடம், அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்வதுபோல.

“பைத்தியம் மாதிரிப் பேசாத. எங்கயாவது பீடிங் போயிருக்கும்.”

“முப்பத்தோரு வருஷமா ஊரான் வண்டியெல்லாம் பாத்தீங்க. இதுல எங்க ஓட்டைன்னு சொல்லுங்க, பாப்போம்.”

அவர் மூன்று ஞாயிறு சோதித்தார். காரை வெளியே தள்ளி, அவர் உள்ளே படுக்க, நான் தண்ணீர் அடித்தேன். மூன்று நிமிடங்களைக் கடிகாரம் பார்த்தே அடித்தேன். மூன்று தடவையும் உள்ளிருந்து தட்டல் கேட்கவில்லை. இரண்டாவது தடவை, குழாயை மூடிய பிறகும் வெகுநேரம் சத்தமே இல்லை. கதவைத் தூக்கினேன். டார்ச்சை அணைத்துவிட்டுக் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தார்.

“விளக்கை ஏன் அணைச்சீங்க?”

“உள்ள யாரோ மூச்சு விடற மாதிரி இருந்துச்சுய்யா. என் மூச்சுதான், தெரியும். அடக்கிப் பாத்தேன்.”

“நின்னுதா?”

அவர் விரிப்பை எடுத்து உதறினார். சாக்பீஸ் தூள் ஒரு துளிகூட நனையவில்லை.

மூன்றாவது ஞாயிறு, ஆகஸ்ட் 18, தார்ப்பாயை விலக்கியபோது காரின் கண்ணாடிகள் உட்புறம் முழுக்க வேர்த்திருந்தன. பின்கண்ணாடியில் ஒரு கை தெரிந்தது. ஐந்து விரலும் விரிந்த வலது கை, உள்ளிருந்து அழுத்தியது. சுற்றிலும் வெள்ளையாகப் புகைபோல ஈரம், கை மட்டும் தெளிவாக, உள்ளே இருட்டாக.

எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் ஈரம் ஒட்டாது. எப்போதோ வைத்த கை, கண்ணாடி வேர்க்கும்போது தெரியும், காய்ந்தால் மறையும். இதை நான் அவர்களிடம் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே சரியாகப் படவில்லை.

“தண்ணி இருக்கிற அன்னிக்குத்தான் கை தெரியும்” என்றார் அந்த அம்மாள். “நான் முன்னாடியே பாத்துட்டேன்.”

அடுத்த வாரம் நல்ல மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். ஞாயிறன்று ஸ்டெப்னி குழி வறண்டு கிடந்தது, கண்ணாடியும் வெறுமையாக இருந்தது. அந்த அம்மாளுக்குத் திங்கள் முதல் காய்ச்சல். போர்வையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

“நான் போகல. அவனும் வரல.”

“எங்க போகல?” என்று கேட்டார் கணவர்.

“மத்தியானம் நீங்க வேலைக்குப் போனதும் வண்டியில போய் உக்காந்திருப்பேன். இன்னொரு சாவி இருக்குல்ல.”

இதை இருவரும் காதில் வாங்கினோம். இருவருக்குமே உறைக்கவில்லை. அவருக்கு மனைவியைப் பற்றிய கவலை, எனக்கு 31 மில்லிமீட்டர் மழைக்குப் பூஜ்யம் எப்படி வரும் என்ற கவலை.

செப்டம்பர் 8ஆம் தேதி அந்த அம்மாள் சொன்னதுதான் அவரை ஆட்டிவிட்டது. நான் 385 என்று படித்ததும் அந்த அம்மாள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

“தண்ணி நின்னுடுச்சுன்னா அவன் இங்க வர்றத நிறுத்திட்டான்னு அர்த்தம். அப்ப நான் அங்க போயிட வேண்டியதுதான்.”

“எங்க?”

“அவன் இருக்கிற எடத்துக்கு.”

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினார். கணவர் பஞ்சைக் கையில் பிடித்தபடியே நின்றார். அதிலிருந்து சொட்டியதை நான் அளவில் சேர்க்கவில்லை. ஐந்து மில்லிக்குள் இருக்கும்.

செப்டம்பர் 15ஆம் தேதி குப்பியில் 450 மில்லி. தண்ணீரின் மேல்விளிம்பில் மெல்லிய நுரை வளையம் ஒன்று நின்றது, உடையவில்லை. மழைநீரில் அப்படி நிற்காது. அவரிடம் காட்டினேன். ஒரு துளியை விரலில் எடுத்து, பெருவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். முகர்ந்தார். அப்படியே டயரின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

“சோப்புய்யா. நான் போட்டது.”

எனக்கு விளங்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பேட்டரி செத்துடக் கூடாதுன்னு ஸ்டார்ட் பண்றேன்ல. பானெட்டத் தொறந்து ஆயில் பாப்பேன். தொறந்தா, கண்ணாடி கழுவற வாஷர் தொட்டிய நிரப்பாம மூட மாட்டேன். கை பழகிப்போச்சு. ஒரு மூடி சோப்புத் தண்ணி, மீதி பச்சத் தண்ணி. யாரு வண்டின்னாலும் அப்படித்தான். நிரப்பினதே ஞாபகம் இருக்காது.”

“தொட்டி எவ்வளவு பிடிக்கும்?”

“ஒன்றர லிட்டர்.”

ஏழு வாரத்தில் நாங்கள் அள்ளியது 2,200. தொட்டி கொள்வதைவிட 700 அதிகம். அவர் நிரப்ப நிரப்ப அது டிக்கிக்கு வந்துகொண்டிருந்தது.

மனைவி குளிக்கப் போயிருந்த நேரம். அவர் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, பின்கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் நெம்புகோலைத் தள்ளினார். நான் பின்னால் நின்று பார்த்தேன். கண்ணாடியின்மேல் கொஞ்சம் சிதறியது, வைப்பர் ஒருதரம் போய் வந்தது. அதே நேரம் உள்ளே, வலது பக்கத் தூணின் மறைவிலிருந்து ஒரு கோடு சத்தமில்லாமல் இறங்கி ஸ்டெப்னி குழிக்குள் போனது. வாஷர் தண்ணீர் பானெட்டிலிருந்து கூரை வழியாக ஒரு மெல்லிய குழாயில் பின்கதவுக்கு வருகிறது. கதவு மடங்கும் இடத்தில் அந்தக் குழாய் வெடித்திருந்தது. வெளியிலிருந்து ஒரு லாரித் தண்ணீரை அடித்தாலும் அது தெரியாது. ஓடாத காரில் யார் வாஷரைப் போடப்போகிறார்கள் என்று முப்பத்தோரு வருட அனுபவம் அதைச் சோதிக்காமல் விட்டுவிட்டது.

அந்த அம்மாள் முன்பு சொன்னது இப்போதுதான் உறைத்தது. மத்தியானங்களில் அவர் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, உள்ளே தொங்கும் கண்ணாடியில் பின்னால் பார்ப்பார். வெளிப்புறத் தூசி கையை மறைக்கும். நெம்புகோலைத் தள்ளுவார். தூசி போகும், கை தெரியும், டிக்கியில் தண்ணீர் இறங்கும். அந்த ஈரத்தில் மறுநாள் கண்ணாடி மீண்டும் வேர்க்கும். தொட்டி காலியாகாமல் கணவர் பார்த்துக்கொண்டார்.

“இப்ப அடைச்சிடலாம்ல?” என்றேன்.

“அடைச்சா அவ போயிடுவாய்யா.”

பானெட்டைத் திறந்தார். பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து, ஒரு மூடி சோப்பு கலந்து, தொட்டியை விளிம்புவரை நிரப்பினார். இந்தத் தடவை கை பழக்கத்தில் இல்லை. நிரப்பியதைப் பார்த்துக்கொண்டே நிரப்பினார். அவர் தெரிந்தே மூடாமல் விட்ட கசிவு, எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான்.

அந்த வாரம் தினமும் மத்தியானம் பட்டறையிலிருந்து போன் செய்து, மனைவி எடுத்ததும் ஒன்றும் பேசத் தெரியாமல் வைத்திருக்கிறார். “இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. போனப் போட்டுட்டு மாடு மாதிரி மூச்சு விடறாரு” என்று அந்த அம்மாள் என்னிடமே கேட்டார்.

செப்டம்பர் 22. நான் குப்பியோடு போனபோது, “இன்னிக்கு வேண்டாம்யா” என்றார். அன்றைய கட்டம் என் பதிவேட்டில் காலியாக இருக்கிறது. மனைவியைக் கூப்பிட்டார்.

“இந்தா, டார்ச்சப் புடி. உள்ள ஏறிப் படு.”

“நானா? என் ஒடம்புக்கு இதுல எங்கங்க எடம்?”

“எனக்கு எடம் இருக்குல்ல. காலை மடக்கு.”

அந்த அம்மாள் ஏறிப் படுத்தார். கணவர் வலது பக்கத் தூணைப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினார். முன்னால் போய் உட்கார்ந்து நெம்புகோலைத் தள்ளினார். ஒருமுறை. மறுபடி. மோட்டார் முனகும் சத்தம் நின்றபின் கூரைக்கடியில் எதுவும் கேட்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம் ஆயிற்று. அவர் சீட்டைவிட்டு அசையவில்லை. பின்கண்ணாடியில் அந்தக் கை தெரிந்தது. அதற்குக் கீழே, டார்ச்சின் வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றிருந்தது.

உள்ளிருந்து இரண்டு தட்டு கேட்டது.

கதவைத் தூக்கினோம். அந்த அம்மாளின் தோள் நனைந்திருந்தது.

“நான்தானா?”

“நீ மட்டும் இல்ல. தண்ணி ஊத்தினவன் நான். நாந்தான் வாராவாரம் ஊத்தினேன். போன வாரம் தெரிஞ்சே ஊத்தினேன்.”

“தெரிஞ்சேவா?”

“நீ போயிடுவன்னு.”

அந்த அம்மாள் டார்ச்சை அணைத்தார். பிறகு கையை நீட்டினார், அவர் பிடித்து வெளியே இறக்கினார். “டிக்கி அண்ணனாம், டிக்கி அண்ணன். சொந்த வண்டியில ஓட்டைய வளத்திருக்காரு” என்றார். சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்லக்கூடிய சத்தமாக அது இல்லை. பிறகு சொன்னார், “அடைச்சிடுங்க.”

வேலை பதினைந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. கூரையோர ரப்பர் உறையைக் கழற்றி, வெடித்த துண்டை வெட்டியெறிந்து, புதுக்குழாயைச் செருகி, கிளிப் போட்டு இறுக்கினார். பத்து தடவை நெம்புகோலைத் தள்ளிப் பார்த்தார். சாக்பீஸ் தூள் வெள்ளையாகவே இருந்தது. மனைவி உள்ளே போன பிறகு, கண்ணாடியின்மேல் மங்கத் தொடங்கியிருந்த கையின்மேல் தன் வலது கையை வைத்தார். விரலுக்கு விரல் பொருந்தியது. அப்பனும் மகனும் ஒரே அளவு கைக்காரர்கள். ஜூலையில் கார் வந்த அன்று டிக்கியைத் துடைக்க உள்ளே ஏறியவரும் அவர்தான். அது யாருடைய கை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, பதிவேட்டிலும் எழுதவில்லை.

பத்து நாள் என்று பட்டறைக்கு விடுப்புப் போட்டு, அதை நீட்டிக்கொண்டே போய், அந்த அம்மாளை நிழல்போலச் சுற்றிக்கொண்டிருந்தார். காய்கறி வாங்கப் போனாலும் பின்னால் போனார். “கூடையத் தூக்கவாவது செய்ங்க” என்று அவரிடம் கூடை கொடுக்கப்பட்டது.

செப்டம்பர் 29: 0. அக்டோபர் 6: 0. அக்டோபர் 13: 0.

அக்டோபர் 17, வியாழன், பகல் பதினொரு மணி. அந்த அம்மாள் காரின் பின்சீட்டில் ஏறி, மண்டியிட்டு, கண்ணாடியின்மேல் வாயால் ஊதினார். ஒரு சிறிய வட்டம் வெளுத்தது. அதில் இரண்டு விரல் நுனிகள் தெரிந்தன. நாங்கள் மூவரும் பார்த்தோம். ஓரத்திலிருந்து ஈரம் சுருங்கிக்கொண்டே வந்து, விரல்களும் போய், வெறும் கண்ணாடி ஆயிற்று. இன்னொரு தடவை ஊதுவதற்கு வாயைக் குவித்தவர், ஊதவில்லை.

இறங்கி வந்து படிவத்தை எடுத்துவரச் சொன்னார். என் பேனாவால் கையெழுத்திட்டார். “நான் எங்கயும் போகல. திங்கக்கிழமை நூலகத்துக்குப் போறேன். நீங்களும் பட்டறைக்குப் போங்க, முதலாளி வேற ஆளத் தேடிடப் போறாரு” என்றார்.

பதில் வந்தபோது இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். தபால்காரர் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மாலை ஆறு மணிக்கு அந்த அம்மாள் தெருவைக் கடந்து வந்து உறையை வாங்கினார். அனுப்பியவர் முகவரியைப் படித்து, வாசலில் நின்றபடியே பிரித்தார். கணவர் வேலை உடையோடு, கைகளில் கிரீஸோடு பின்னால் வந்து நின்றார்.

“என்ன போட்டிருக்கு?”

“முடிச்சுட்டாங்களாம்.”

அவர் தலையாட்டினார். அந்த அம்மாள் கடிதத்தை மடித்த மடிப்பிலேயே மறுபடி மடித்தார். அவருடைய கிரீஸ் கையைத் தன் சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் கூட்டிப்போனார். தேடுதல் அலுவலகத்திலிருந்து மொத்தம் மூன்று கடிதங்கள். கடைசிக் கடிதம் வந்த தேதி நவம்பர் 14, வியாழன்.