சனிக்கிழமையும் திறந்திருக்கும்

தெருவில் எல்லோரும் அவளை முகத்துக்கு நேரே 'அக்கா' என்றார்கள்; தலை மறைந்ததும் 'மல்லுக்கட்டு' என்றார்கள். இரண்டும் அவள் காதுக்கு வந்து சேர்ந்தவைதான். காய்கறிக்கடை வைத்திருப்பவளுக்கு எட்டாத பேச்சு என்று தெருவில் எதுவும் கிடையாது.

கடை அவள் மாமனாருடையது. அவர் கண்ணை மூடியதும், கொழுந்தன் அதை விற்றுப் பங்கு பிரித்துவிடலாம் என்று வாங்க ஆள் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். சாலையில் ஹாரன் அடிப்பதற்கே தயங்குகிற மனிதர். தம்பி சொன்னதற்கும் தலையாட்டினார், பெண்டாட்டி சொன்னதற்கும் தலையாட்டினார். அவள் வந்தவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, கூரை ஒழுகும் இடங்களையும் சுவரில் விரிசல் ஓடும் திசையையும் ஒவ்வொன்றாக அன்போடு காட்டினாள். அவர்கள் தண்ணீரைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்துபோனார்கள். அடுத்த வாரமே விரிசலைப் பூசி, கடைக்கு நீலப் பெயின்ட் அடித்து, தானே கல்லாவில் உட்கார்ந்தாள்.

மொத்த வியாபார மார்க்கெட்டில் ஆரம்பத்தில் அவளை யாரும் ஒரு ஆளாக மதிக்கவில்லை. அவள் விலை கேட்டால் தலைக்கு மேல் எங்கேயோ பார்த்தார்கள். ஒருநாள் ஒரு தக்காளிப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "இது என்னோடது. விலையைச் சொல்லுங்க, இல்லேன்னா என்னையும் சேர்த்துத் தூக்கி லாரியில வைங்க" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்கு வழிவிட்டார்கள்.

இப்படி மல்லுக்கட்டித்தான் கடை நின்றது. மகள் படித்து, வேலை கிடைத்து, வேறு ஊருக்குப் போனது வரை எல்லாம் அந்த நீலக் கடையின் வருமானம். இனி கொஞ்சம் மூச்சு விடலாம் என்று அவள் நினைத்திருந்த நேரத்தில்தான் நகராட்சி ஆட்கள் வந்து கடைக்கு எதிரே தெருவில் வெள்ளைக் கட்டங்கள் போட்டார்கள்.

"என்னப்பா இது, பிள்ளைங்க நொண்டி விளையாடவா?" என்று கேட்டாள்.

"விவசாயிகள் சந்தைக்கா. இனிமே வாராவாரம் சனிக்கிழமை. தோட்டத்துல பறிச்சதை அவங்களே கொண்டுவந்து விப்பாங்க."

வாரத்தில் அவளுக்கு நல்ல நாளே சனிக்கிழமைதான்.

முதல் சந்தையன்று தெரு நிறைய ஜனம். ஆனால் அவள் கடையில் ஈ ஓட்ட வேண்டியதாயிற்று. அதைவிட வலித்தது ஒன்று உண்டு. வருஷக்கணக்காக அவளிடம் வாங்கியவர்கள், இப்போது நிறைந்த பையோடு கடையைத் தாண்டும்போது எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். அடுத்த தெரு டீச்சர், பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஏதோ திருடிக்கொண்டு போகிறவர் மாதிரி ஓரமாகப் போனார்.

"டீச்சர்!" என்று உள்ளேயிருந்தே கூப்பிட்டாள். "பையில என்ன, முள்ளங்கியா? இலை வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. எதுக்கு அதைப்போட்டு அமுக்கறீங்க, கசங்கிடும்."

டீச்சர் அசடு வழியச் சிரித்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார். சொன்னதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். சாயங்காலம் வாடிய கீரையைக் குப்பையில் கொட்டும்போது அதுவும் போய்விட்டது.

இதற்கு மேல், எதிர்க் கட்டத்தில் கடை போட்ட கீரைக்காரி. பின்பக்கம் ஒரு தடித்த துணியைத் தொங்கவிட்டாள். அது நீலக் கடையின் வாசலை அப்படியே மறைத்தது.

"உன் கூடாரத்து முதுகு என் மூஞ்சிக்கு நேராத்தான் இருக்கணுமா?"

"கட்டம் போட்டுக் கொடுத்தது அவங்கக்கா. நானா கோடு போட்டேன்?"

"கட்டத்துக்குள்ளயே திரும்பி நில்லேன்."

"திரும்பினா வெயில் கீரை மேல விழும். வாடினா நீங்க வாங்கிப்பீங்களா?"

கீரை வாடுவது என்னவென்று அவளுக்குத் தெரியாதா? முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள். ஆனாலும் அடுத்த சனிக்கிழமையும் அதே சண்டையை முதலிலிருந்து தொடங்கினாள்.

"சனிக்கிழமை மட்டும் மூடிடலாமே" என்றார் கணவர் ஒருநாள். "உனக்கும் கொஞ்சம் ஓய்வா இருக்கும்."

"இன்னைக்குச் சனிக்கிழமையை மூடுன்னு சொல்வீங்க. அப்புறம், நாளைக்குச் சந்தை இருக்கே, இன்னைக்கு எவன் வாங்குவான்னு வெள்ளிக்கிழமையையும் மூடச் சொல்வீங்க. ஓய்வு வேணும்னா நாற்காலியில சாஞ்சுக்கறேன். அதுக்கு எதுக்கு ஷட்டரை இறக்கணும்?"

அவர் தலையாட்டினார்.

சந்தை வந்த சில மாதங்களில் வியாபாரிகள் சங்கம் கூடியது. பேக்கரிக்கு மேல்மாடியில் கூட்டம். சங்கத்தலைவர் செருப்புக்கடைக்காரர்; தெருவில் பாதிக் கட்டடங்கள் அவருடையவை. அவள் கடைக்குப் பின்னால் வெங்காயம், உருளைக்கிழங்கு அடுக்கி வைக்கிற கொட்டகையும் அவருடையதே. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு திட்டத்தைச் சொன்னார். வருகிற சனிக்கிழமை தெருவில் ஒரு கடைகூடத் திறக்கக் கூடாது. நகராட்சி அதிகாரியைக் கூட்டிவந்து காட்டுவோம். சந்தையால் தெருவே செத்துப்போய்விட்டது என்று சொன்னால், சந்தையைத் தூக்கிவிடுவார்கள்.

"அதிக அடி வாங்கினது நம்ம அக்காதான். அக்கா முன்னால நின்னு பேசினா எடுபடும்" என்று முடித்தார்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்குச் சந்தை மேல் துளிகூடப் பாசம் கிடையாது. அது நாளைக்கே காணாமல் போனால் நிம்மதியாகத் தூங்குவாள். ஆனால் அவர் சொன்ன வழி அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

"நாமே மூடிட்டு, கடை செத்துப்போச்சுன்னு காட்டணுமா?" என்றாள் எழுந்து நின்று. "எனக்கு வியாபாரம் படுத்தது நிஜம். அதை நான் திறந்து வச்சுக்கிட்டே காட்டுவேன். ஆனா உங்களுக்கு என்னண்ணே குறைஞ்சுபோச்சு? சனிக்கிழமை உங்க கடையில ஜனம் செருப்புப் போட்டுப் பார்க்க ஸ்டூல் கிடைக்காம நிக்குது. எனக்கு எதிர்லயே இருக்கீங்க, எனக்குக் கண்ணு தெரியாதா?"

தலைவர் முகம் மாறியது. "எல்லாருடைய நன்மைக்காகவும்..."

"உங்க கார் நிறுத்தற இடத்துல சந்தை முட்டைக்காரர் நிக்கிறார். அதானே?"

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள். பேக்கரிக்காரர் தரையைப் பார்த்தபடி இருந்தார். சனிக்கிழமைகளில் அவர் ரொட்டி மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் அவர் இருப்பது தலைவரின் கட்டடத்தில். மூடுவதற்கு யார் சம்மதம் என்றதும், முதலில் எழும்பிய கை அவருடையதுதான்.

அவள் கை எழும்பவே இல்லை.

மறுநாள் காலை தலைவரின் ஆள் வந்து, கொட்டகை அவசரமாக வேண்டியிருக்கிறது, உடனே காலி செய்யவேண்டும் என்றான். அவள் கெஞ்சவில்லை, காரணமும் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் அவ்வளவு மூட்டையும் தள்ளுவண்டியில் அவள் வீட்டுக்குப் போயிற்று. கூடத்தில் வெங்காயம், படுக்கையறையில் உருளைக்கிழங்கு. வேலை முடிந்து வந்த கணவர், தன் கட்டிலுக்குப் போகும் வழியை மூட்டைகளுக்கு நடுவே தேடினார். கண்ணெல்லாம் எரிந்து நீர் வழிந்தது.

"அழறீங்களா?"

"வெங்காயம்டீ" என்றார். கட்டில் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, திடீரென்று சொன்னார்: "அந்த ஆள் வீட்டு வாசல்ல பஸ்ஸை நிறுத்தி ஹாரன் அடிக்கட்டுமா?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை வந்தது. சந்தைக்காரர்கள் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவின் இரண்டு பக்கமும் ஷட்டர்கள் இறங்கியே இருந்தன. சங்கத்து ஆட்கள் பேக்கரி வாசலில் கும்பலாக நின்று பார்க்க, அவள் குனிந்து பூட்டில் சாவியை விட்டாள். ஒருநாள் மூடிவைத்தால் என்ன கெட்டுவிடும் என்று மனசின் ஒரு மூலை கேட்டது. எல்லோரோடும் இருந்துவிடலாம், கொட்டகையும் திரும்பக் கிடைக்கும்.

"அக்கா, எல்லாரோடவும் ஒத்துப்போங்களேன்" என்று பேக்கரிக்காரர் மெதுவாகச் சொன்னார்.

"என் மாமனார் போனப்பவும் இப்படித்தான் எல்லாரும் ஒத்துப்போகச் சொன்னாங்க" என்றாள். ஷட்டரை ஒரே தூக்காகத் தூக்கினாள். அந்தச் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

முதலில் யாரும் வரவில்லை. அவள் தக்காளியைத் துடைத்தாள், துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். பிறகு முட்டைக்காரர் தலையை நீட்டினார். சில்லறை மாற்ற எங்கேயும் கடை இல்லையாம். அடுத்து ஒரு தாத்தா, உட்கார இடம் கேட்டு வந்தார், நாற்காலியைக் கொடுத்தாள். அவர் சும்மா உட்கார மனமில்லாமல் கொஞ்சம் இஞ்சி வாங்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை. கீரைக்காரி தன் கூடாரத்துப் பின்பக்கத் துணியைக் கீழிருந்து சுருட்டி, மேலே கயிற்றால் கட்டினாள். நீலக் கடை பளிச்சென்று சந்தைக்குள் தெரிந்தது.

"என்னடி, இன்னைக்கு வெயில் அடிக்கலையா?"

"உங்க மேல இரக்கம்னு நினைக்காதீங்கக்கா" என்றாள் கீரைக்காரி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "எலுமிச்சை எங்க, வெங்காயம் எங்கன்னு கேட்டு என் உயிரை வாங்கறாங்க. என் தோட்டத்துல அதெல்லாம் இல்ல. நீங்களே பார்த்துக்கங்க."

ஜனம் அந்தக் கூடாரத்துக்குள் நுழைந்து, கீரையை வாங்கிக்கொண்டு, இந்தப் பக்கமாக வெளியே வந்து நேராக அவள் கடைக்குள் ஏறியது. எலுமிச்சை, வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு. சந்தைக்காரர்களின் தோட்டங்களிலிருந்து வராதது எல்லாம் அவளிடம் இருந்தது. தக்காளியை மட்டும் யாரும் சீண்டவில்லை. டீச்சரும் வந்தார், இம்முறை பையை மறைக்காமல்.

உச்சி வெயிலில் தலைவர் நகராட்சி அதிகாரியோடு வந்து சேர்ந்தார். செத்துப்போன தெருவைக் காட்ட வந்தவர், நீலக் கடைப் படியில் ஜனம் முண்டியடிப்பதைக் கண்டு நின்றுவிட்டார்.

"இவ ஒருத்தி திறந்துவச்சுக் கெடுத்துட்டா" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் தராசை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். "ஐயா, நல்லாக் கேட்டுக்கங்க" என்றாள் அதிகாரியிடம். "இந்தச் சந்தையால என் தக்காளி போச்சு, கீரை போச்சு. அது நிஜம், எங்க வேணும்னாலும் வந்து சொல்வேன். என் வாசலை மறைச்சுக் கட்டம் போட்டீங்க, அதுவும் தப்பு. ஆனா இந்தத் தெருவுல பூட்டிக் கிடக்கிற கடையெல்லாம் சந்தை பூட்டினதில்ல. இவர் பூட்டச் சொன்னது."

"வாயை மூடு!"

"முதல்ல கடையை மூடச் சொன்னீங்க, இப்ப வாயை மூடச் சொல்றீங்க. ரெண்டுமே நடக்காது, போங்க."

அதிகாரி எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து தெருவுக்கு அந்தப் பக்கம் கரகரவென்று ஒரு சத்தம். பேக்கரி ஷட்டர் இடுப்பு உயரத்துக்கு எழும்பியிருந்தது. அதற்குக் கீழே, பின்வாசல் வழியாக உள்ளே போயிருந்த பேக்கரிக்காரரின் கால்கள் மட்டும் தெரிந்தன. கொஞ்ச நேரம் அந்தக் கால்கள் அப்படியே நின்றன. பிறகு ஷட்டர் முழுசாக மேலே போயிற்று. அவரைப் பார்த்துப் பாத்திரக்கடை, அதைப் பார்த்துப் புத்தகக்கடை. அன்று முழுக்க மூடிக் கிடந்தது செருப்புக்கடை மட்டுமே.

சாயங்காலம் கணவர் வந்து பார்த்தபோது அவள் காலியான கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். "பயந்துட்டேங்க" என்றாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கடையைப் பூட்ட எழும்வரை எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு எல்லாம் இனித்துவிடவில்லை. சந்தை போகவில்லை, அங்கேயே நிலைத்துவிட்டது. சனிக்கிழமைத் தக்காளி வியாபாரம் அவளுக்குத் திரும்பவே இல்லை. சில வாடிக்கைகளும் போனது போனதுதான். கொட்டகையும் வரவில்லை. வெங்காயம் இன்னும் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறது. சங்கத்திலிருந்து அவளை நீக்கினார்கள்; கூட்டம் நடக்கும்போதெல்லாம் கூப்பிடாமலேயே போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறாள். எழுப்பிவிட யாருக்கும் தைரியம் வரவில்லை. செருப்புக்கடைக்காரர் இப்போது சனிக்கிழமைகளில் தெருவிலேயே மேசை போட்டு விற்கிறார். அவளோடு பேசுவதில்லை. அது அவளுக்கு ஒரு குறையாகவும் தெரியவில்லை.

சந்தை மேலாளர் ஒருநாள் பெரிய மனசோடு வந்தார். "நீங்களும் உள்ள ஒரு கட்டம் எடுத்துக்கலாமே அக்கா. இடம் ஒதுக்கித் தர்றோம்."

"நான் எதுக்குத் தம்பி தெருவுல இறங்கணும்? எனக்குச் சுவர் இருக்கு, கூரை இருக்கு, கதவு இருக்கு. நீங்க கோடு அழிஞ்சா போயிடுவீங்க."

அவர் போகிறபோக்கில், புதன்கிழமையும் சந்தை போட யோசனை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அவள் அன்றைக்கே கீரைக்காரியிடம் போய் நின்றாள்.

"புதன்கிழமையை விடமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். நகராட்சிக்குப் போய்ச் சண்டை போடப் போறேன்."

"போடுங்கக்கா. நான் குறுக்க வரமாட்டேன்" என்றாள் கீரைக்காரி, கட்டுகளில் தண்ணீர் தெளித்துக்கொண்டே. "ஆனா புதன்கிழமை கிடைச்சா நான் கடை போடுவேன்."

"போட்டுக்கோ. அன்னைக்கும் நான் திறந்துதான் வச்சிருப்பேன்."

சொல்லிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கடையைக் கணவரின் பொறுப்பில் விட்டுவிட்டு நகராட்சி அலுவலகப் பக்கம் நடந்தாள். வாசலில் காவலர், மனு கொடுப்பவர்கள் திங்கட்கிழமைதான் வரவேண்டும் என்றார். அவள் அவரைத் தாண்டி மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தாள்.