தீட்டைத் தொட்டவள்

எனக்கு எண்பத்தொரு வயசு. ஏழு பிள்ளைகளை வளர்த்தவள். ஒன்றையும் மண்ணுக்குக் கொடுக்கவில்லை.

மகாராஜா காலத்தில், மைசூர் வீட்டிலேயே கடைசிப் பெண் பிறந்தாள். மூன்றாம் நாளும் எனக்கு உதிரம் நிற்கவில்லை. சளிக்கும் காய்ச்சலுக்கும் போல இதற்கும் மாமியார் கஷாயம்தான் கொடுத்தார். "தீட்டு கழியாம வாசப்படி தாண்டக்கூடாது அம்மிணி" என்றார்.

பால் ஊற்ற வந்த கெம்பம்மா எட்டிப் பார்த்தாள். பாய் நனைந்திருந்தது. நேரே உள்ளே வந்துவிட்டாள்.

"தொடாதடி, தீட்டு!" என்று மாமியார் கத்தினார்.

"தினமும் சாணி அள்ளறவ நான், அவ்வா. தீட்டு குளிச்சாப் போயிடும். இது கஷாயத்துக்கு நிக்கற ரத்தமில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றவள், என்னைத் தூக்கித் தெருமுனை ஜட்காவில் ஏற்றினாள். வழியெல்லாம் என் தலை அவள் மடியில். "தூங்காதே தாயி" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து பிழைத்தேன். வீடு வந்தபோது அவள் மாடுகளோடு வேறு ஊர் போய்விட்டிருந்தாள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் எழுந்து நடந்ததை அவள் பார்க்கவேயில்லை. அந்த மடிக்கு மனசு இன்னும் ஏங்குகிறது.

கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதியதை ஒருதரம் படி. அவள் பேர் வரும்போது மட்டும் வாசலுக்குக் கேட்கிற மாதிரி படி.