இரண்டு தண்ணீர் பாட்டில்கள்

பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் பிரமிளாவைக் கையில் பிடிக்க முடியாது. ஆந்திர எல்லையில், சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில், ஓடும் பெல்ட்டின் முன்னால் நின்று வயர் பொருத்துகிற வேலை அவளுக்கு. விடிந்தும் விடியாமலும் கம்பெனி பஸ் வந்துவிடும். அப்படியும் மூன்றாம் வகுப்புக்குப் போகிற மகள் யமுனாவுக்கு எதிலும் குறை வைக்கவில்லை. நேரத்தோடு படுக்கை, காலையில் கேழ்வரகுக் கஞ்சி, போன் பீரோவுக்கு மேலே. இதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அலட்டல்தான், ஆனால் பொய்யில்லை.

இரண்டாம் வாரமே யமுனாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று அழுதாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, பிள்ளை தண்ணீரே குடிப்பதில்லை, வந்தாலும் அடக்கிக்கொள்கிறாள், இப்படியே விட்டால் கிட்னிக்கு ஆகாது என்று தெலுங்கில் கடிந்துகொண்டார்.

பிரமிளாவுக்குச் சுருக்கென்றது. அது கோபமாக மாற அதிக நேரம் ஆகவில்லை. பள்ளிக்கூடத்துக் கழிப்பறை நாறுகிறது, வேறென்ன இருக்கப்போகிறது என்று அவளே முடிவு கட்டிக்கொண்டு, மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போய் வாசலிலேயே சத்தம் போட்டாள். டீச்சர் நேரே கழிப்பறைக்கு அழைத்துப்போய்க் காட்டினார். கழுவிவிட்ட தரை, தாழ்ப்பாள் போட்ட கதவு, திறந்தால் கொட்டுகிற குழாய். தண்ணீர் குடிக்க வைக்கவே தினமும் மணி அடிக்கிறோம், உங்கள் பெண் மட்டும் பாட்டிலை உதட்டில் வைத்துவிட்டு இறக்கிவிடுகிறாள் என்றார். பிரமிளா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். போட்ட சத்தத்துக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது?

வீட்டில் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டாள். யமுனா தயங்கவே இல்லை.

"நீயுந்தான் குடிக்க மாட்ட. கம்பெனில கெட்டிக்காரங்க அடக்கிக்கினு இருப்பாங்கன்னு நீதான சொன்ன?"

சொன்னதுதான். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பெருமையாகச் சொன்னது. பெல்ட்டை விட்டுப் போக வேண்டுமானால் கையைத் தூக்க வேண்டும், மாற்று ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும், சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார். அந்தக் கண்றாவிக்கு வாயை ஈரம் பண்ணாமல் இருப்பதே மேல் என்று அவள் பழகியிருந்தாள். கொண்டுபோன பாட்டில் அப்படியே திரும்பி வரும். அதை ஒரு ஜோடிக் கண் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. கஞ்சி ஊற்றினோம், போனைப் பிடுங்கினோம், கடைசியில் நோயையும் நாமே ஊட்டிவிட்டோமே என்று நெஞ்சு எரிந்தது.

காய்ச்சல் விட்டதும் ஓர் ஒப்பந்தம் போட்டாள். இருவர் பாட்டிலும் சாயங்காலம் காலியாகத் திரும்ப வேண்டும்.

திங்கட்கிழமை பெல்ட்டின் முன்னால் நின்றபோது குடித்தே தீருவது என்றுதான் இருந்தாள். பக்கத்தில் இருந்தவள் அப்போதுதான் போய்வந்து, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். சரி, சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கலாம் என்று பிரமிளா தள்ளிப்போட்டாள். சாப்பாட்டுக்குப் பிறகு வேலை குவிந்தது. பாட்டில் பக்கம் கை போகவே இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கும்போது பாட்டில் ததும்பிக்கொண்டிருந்தது. இந்த ஒரு நாள் மட்டும், நாளைக்குச் சத்தியமாகக் குடிக்கிறேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, சாலையோரப் புங்கமரத்தடியில் எல்லாவற்றையும் கவிழ்த்தாள். தண்ணீர் போன சத்தம் அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

வாசலில் யமுனா காலிப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரமிளாவும் தன்னுடையதைக் காட்டினாள். பிள்ளை இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பொய்டி. நான் ஒரு சொட்டு குடிக்கல. மரத்தாண்ட ஊத்திட்டேன்."

யமுனாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. கால் விரலால் தரையைக் கீறினாள்.

"நானுந்தாம்மா," என்றாள்.