கிணற்றில் தள்ளியவனுக்கு ஓலை

ஆம்பூர் தோல் கம்பெனியில் பார்த்துக்கொண்டிருந்த குமாஸ்தா வேலையை உதறிவிட்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் கோடம்பாக்கம் போனேன். கதாநாயகன் ஆகிற ஆசைதான். என் மூக்கையும் கட்டைக் குரலையும் பார்த்த முதல் இயக்குநரே கையில் அரிவாளைக் கொடுத்துவிட்டார். அதன்பின் யாரும் அதைத் திரும்ப வாங்கவில்லை. கொலை, கடத்தல், குடிசைக்குத் தீ வைப்பது என்று பிழைப்பு ஓடியது. ஊருக்கு வந்தால் பஸ்ஸில் பெண்கள் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொள்வார்கள். எனக்குச் சிரிப்பு வரும். பெண் தேட ஆரம்பித்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. மூன்று வீட்டில் காபி மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

நான்காவது, வேலூரில் நர்ஸ் வேலை பார்த்த பெண். சினிமாவே பார்க்காத குடும்பம் என்று தரகர் சொன்னதால் தைரியமாகப் போனேன். சின்னச் சின்ன வேஷம் கட்டுவேன் என்று மட்டும் சொல்லிவைத்தேன். கர்ப்பிணி மனைவியை நான் கிணற்றில் தள்ளுகிற படம் அப்போதுதான் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவளை எனக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. அதனால்தான் அவ்வளவு பயம்.

எங்கள் கிறிஸ்தவ சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று போதகர் கேட்பார். அந்த நேரம் இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்வார்கள். இரண்டு ஞாயிறு நல்லபடியாகப் போனது. மூன்றாவது ஞாயிறு பெண் வீட்டாரும் வந்திருந்தார்கள். அவர்களோடு அணைக்கட்டு ஊரிலிருந்து வந்த பெண்ணின் அத்தை எழுந்து நின்றாள்.

“தடை இருக்குது ஐயா. இவனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆய்ட்டுது.”

சபை மொத்தமும் என் பக்கம் திரும்பியது.

“யாரும்மா சொன்னாங்க?” என்றார் போதகர்.

“யாரு இன்னா சொல்றது? டென்ட் கொட்டாய்ல நானே கண்ணால பார்த்தேன். முழுகாம இருந்த பொண்டாட்டிய கெணத்துல தள்ளிட்டான், பாவி!”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் அவர். நான் எதை மறைத்தேன் என்பது அவருக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. போதகரும் முறை பிசகாதவர். தடை என்று வந்தால் விசாரித்தாக வேண்டும்.

“உண்மையா தம்பி?”

தள்ளியது நான்தானே. போச்சு, எல்லாம் போச்சு என்று நின்றேன்.

அப்போது கல்யாணப் பெண்ணே எழுந்தாள்.

“நானும் அந்தப் படத்த பார்த்தேன் அத்த. சரின்னு சொல்றதுக்கு முன்னாடியே பார்த்தேன். தள்றப்ப அந்தப் பொண்ணு தலை சுவத்துல இடிக்காம பின்னாடி கை குடுத்தாரு. நீ பார்க்கலியா?”

அத்தை யோசித்தாள். “கை குடுத்தானா?”

“குடுத்தாரு. எங்க வார்டுல பேஷன்ட்ட அப்படித்தான் தாங்குவோம்.”

“அப்ப சரி” என்று அத்தை உட்கார்ந்துவிட்டாள். பெண்ணின் அப்பா தலையசைத்தார். தடை இல்லை என்று போதகர் அறிவித்தார். அப்பாடா என்று நான் விட்ட மூச்சு முன்வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.

அந்தக் கையை இயக்குநர் பார்க்கவில்லை, எடிட்டரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வெட்டி எறிந்திருப்பார்கள், எனக்குக் கல்யாணமே ஆகியிருக்காது.