பெயரை மறைத்த அட்டை

இன்று காலை மகளின் வகுப்புத் தாய்மாரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பயிற்சிப் புத்தகம் முழுதாக வந்து விழுந்தது. எல்லோரும் நன்றி சொன்னார்கள். நான் மட்டும், எழுதியவரைக் கேட்காமல் அச்செடுக்கலாமா என்ற சந்தேகத்தில், கடைவரை போய், திரும்பி வந்து, மறுபடியும் போனேன். கேஸ் மூடினேனா என்று பார்க்க இரண்டு முறை வீடு திரும்புகிறவள் நான், இதையா விடுவேன்? இயந்திரம் சூடான தாளைத் துப்பியது. அந்த வாசனையில் மனம் பழைய தில்லையடி அகதிக் குடியிருப்புக்குப் போய்விட்டது.

யுத்தம் முடிந்த புதிது. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்திருந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, ஓர் ஓலைக் கொட்டிலில் நான் தொண்டர் ஆசிரியை. ஐந்தாம் ஆண்டு வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கியிருந்தது. ஆலங்குடாவில் ஆசிரியையாக இருந்த, நான் அக்கா முறையில் ராத்தா என்றழைக்கும் பரீதா ராத்தா எழுதிய பயிற்சிநூல் என்னிடம் ஒன்றே ஒன்று; கடைகளில் தீர்ந்துவிட்டது. உள்ளே, அனுமதியின்றிப் படியெடுக்கக் கூடாது என்று தடித்த எழுத்து. வகுப்புக்காக ஓரிரு பக்கம் எடுக்கச் சட்டம் இடம் தரும் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு வேண்டியது முழுப் புத்தகம். ராத்தாவைக் கேட்டிருக்கலாம். மறுத்துவிட்டால்?

அட்டையில் அவர் பெயர் மீதும், உள்ளே அந்தத் தடித்த எழுத்தின் மீதும் வெள்ளைத் தாளை ஒட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். பெயர் தெரியாவிட்டால் குற்றம் பாதியாகிவிடும் என்று நினைத்த அறிவாளி!

"பேரு ஒண்டையும் காணலியே டீச்சர்?" என்றார் ஊருக்கே நானாவாக, அண்ணனாக இருந்த கடைக்காரர்.

"அது வாணாம் நானா."

"அதுக்கேன் கோழிக்கள்ளன் மாதிரி முழிக்கிறீங்க?"

பிள்ளைகள் தாள்களை முகர்ந்து பார்த்தபடியே கணக்குச் செய்தார்கள். மூன்றாம் நாள் ஒரு சிறுமியின் உம்மா வாசலில் வந்து நின்றார். "மகள் சொன்னா, நீங்க புத்தகமே எழுதியிருக்கிறீங்களாமே! மாஷா அல்லாஹ்!"

அட்டையில் யார் பெயரும் இல்லை. கையில் கொடுத்தவள் நான். மறுக்காமல் புன்னகைத்தேன். அந்தப் புன்னகைதான் மறுநாள் என்னைப் பாலாவிச் சந்தியில் கற்பிட்டி பஸ்ஸில் ஏற்றியது.

ஒருவர் பொருளைக் கேட்காமல் எடுத்துவிட்டால், 'ஹலாலாக்கித் தாங்க' என்று கேட்பது எங்கள் வழக்கம். ஆக்கிவிட்டேன் என்று அவர் வாயால் சொன்னால்தான் மனம் ஆறும். ஆலங்குடா வீட்டு முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பரீதா ராத்தாவிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி, அதையே கேட்டேன்.

"போட்டோக்கொப்பி அடிச்சத ஹலாலாக்கிட்டேன், போ." ஈரச் சட்டையை ஓங்கி உதறினார். "பேர மறச்சியே, அத ஆக்கமாட்டேன். ரெண்டு வருஷம் சமையலுக்கு நடுவுல குசினி மேசையில இருந்து எழுதின புத்தகம். ஆருக்கிட்ட கேட்டு என்ட பேர எடுத்த?"

"தாளையெல்லாம் திருப்பி வாங்கட்டா ராத்தா?"

"லூசா நீ? பரீட்ச வருது. புள்ளைகளையே என்ட பேர எழுதச் சொல்லு. ஒரு ஆள் விடாம."

அடுத்த நாள் அவர் பெயரைக் கரும்பலகையில் எழுதி, புத்தகம் நான் எழுதியதல்ல என்றும் சொன்னேன். பிள்ளைகளுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. குனிந்து அட்டையில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஒருவன் 'பரிதா' என்று எழுதினான். ஒருத்தி பெயரைச் சுற்றிப் பூ வரைந்தாள். அந்தப் பூ அட்டையைக் கொண்டுபோய்க் காட்டியபோது ராத்தா பூவை விரலால் தடவிப் பார்த்தார். "இப்ப ஹலால்," என்றார்.

அந்தக் கொட்டில் இன்று இல்லை. அடுத்தடுத்த வருடங்களில் குடும்பங்கள் ஒவ்வொன்றாக மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் திரும்பின. லொறியில் பாய்களுக்கும் பானைகளுக்கும் நடுவே அந்தத் தாள்கட்டுகளும் ஏறின. ராத்தா ஒருநாளும் போயிராத ஊர்களுக்கு அவர் பெயர் போனது, பிள்ளைகளின் கோணல் எழுத்தில்.