ஓவர் சொல்லிவிட்டுக் காத்திருந்தவர்

தன்னம்பிக்கைப் புத்தக வரிகளை அக்கம்பக்கத்தாரைப் படிக்கச் சொல்லி, ராயபுரத்தில் ஒரு பழைய குடோனில் ஒரு கண்காட்சிக்காக வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வரிகளைக் கேலி செய்வதுதான் என் எண்ணம். அங்கே வந்தார் ஒரு விசைப்படகு டிரைவர். உப்பில் வெளுத்த புருவம். கழுத்துப் பொத்தான்வரை போட்ட சலவைச் சட்டை.

"நான் வலிமையானவன்," என்று கேமராவைப் பார்த்துப் படித்தார். "ஓவர்."

கடலில் மற்ற படகுகளோடு வயர்லெஸ்ஸில் பேசிப் பேசி வந்த பழக்கம்; நான் முடித்துவிட்டேன், இனி நீ பேசு என்று அர்த்தம். ஒவ்வொரு வரிக்கும் ஓவர் சொல்லிவிட்டு, தலையைச் சாய்த்துப் பதிலுக்குக் காத்திருந்தார்.

"ஓவர் வேணாம்ணே. இங்க யாரும் பதில் பேச மாட்டாங்க."

"பதிலே வராதுன்னா, இத்த யார்கிட்ட நைனா சொல்லிகினு கீறேன்?"

கேமராவைக் கைகாட்டினேன். அவர் கடைசி வரியைப் படித்தார்: "நான் தனியாக இல்லை. ஓவர்." பிறகு வெகுநேரம் லென்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனத்தை எடிட்டிங்கில் நான் வெட்டவில்லை.

கண்காட்சிக்கு அவரும் வந்திருந்தார். அந்த மௌனம் வந்ததும் கூட்டம் அடுத்த திரைக்கு நகர்ந்துவிட்டது. அவர் மட்டும் கிட்டே போய், திரையில் இருந்த தன் முகத்திடம் மெதுவாகச் சொன்னார்: "கேக்குது மாமு, சொல்லு. ஓவர்."

திரையில் இருந்தவர் இன்னும் காத்துக்கொண்டுதான் இருந்தார்.