நெடுந்தீவுக் கிணற்றில் இரண்டு அடி

சென்ற ஓகஸ்ட் கடைசி வாரம் நான் நெடுந்தீவுக்குப் போனது சுற்றிப் பார்க்க அல்ல. நான் சொன்ன தவறான ஆலோசனையால் ஒரு வீட்டின் குடிநீர்க் கிணறு உப்பாகிவிட்டதா என்று அளந்து பார்க்கப் போனேன். ஆனாலும் வழி, நேரம், செலவு எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். போக நினைக்கிறவர்களுக்கு உதவலாம்.

கண்டிப் பக்கத்து மலைக்காடுகளில் மண்ணைத் தோண்டிப் பார்ப்பதும் மாணவருக்கு அதைப் படிப்பிப்பதும் என் வேலை. அந்தச் சரிவுகளில் மண்ணுக்கு ஆழமில்லை. மேலே மூன்று விரல் உயரத்துக்கு உக்கிய இலைகளின் கறுப்பு. அதன் கீழே மினுங்குகிற பருமணல், ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண். பிறகு பாறை. அந்த மணலில் தண்ணீர் நிற்காது. ஊற்றிய கையோடு இறங்கி, பாறையின் மேலாக வழுகிப் போய் அடிவாரத்தில் ஊற்றாக வரும், அல்லது பாறை வெடிப்புக்குள் தங்கும். மரங்களும் ஆழம் போக இடமில்லாமல் வேரைப் பக்கவாட்டில் ஓடவிட்டு வெடிப்புகளைத் தேடிப் பிடித்திருக்கும். காட்டை வெட்டினால் சில மாரிகளில் மணல் முழுவதும் கழுவுண்டு வெறும் பாறை மிஞ்சும். இருபது வருடமாக இதையே பார்த்தால் ஒரு பழக்கம் வந்துவிடுகிறது: மேலே மணல், கீழே கல், அப்படியானால் கல்லை உடை, வெடிப்பில் தண்ணீர் இருக்கும்.

பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த ஜெசிந்தா நெடுந்தீவில் ரீச்சராக இருக்கிறாள். கிணறு வற்றுகிறது, என்ன செய்யலாம் என்று ஓகஸ்ட் தொடக்கத்தில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஒரு சாண் மணல், கீழே கல். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "ஐந்து அடி ஆழமாக்குங்கோ" என்று பதில் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து, மலையில் ஒரு குழிக்குள் நின்று பாறையில் நீர் கசிவதைப் பார்த்தபோதுதான் அந்தப் படம் நினைவுக்கு வந்தது. நெடுந்தீவில் கீழே இருப்பது மலைப்பாறை அல்ல, கடற்பவளம் இறுகிய முருகைக்கல். உள்ளெல்லாம் ஓட்டை. மழைநீர் அதற்குள் இறங்கி, அடியில் ஊறி நிற்கும் கடல்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. ஆழமாக்கி, மோட்டர் போட்டு இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். முதலாம் வருட மாணவருக்கும் தெரிந்த விஷயம்.

உடனே அழைத்தேன். "ரெண்டடி உடைச்சாச்சு. கல்லுடைக்கிற மெசின்ர ஊசி முறிஞ்சு போச்சு. திங்கள் திரும்ப வருவினம்" என்றாள் ஜெசிந்தா.

"வரவேண்டாம் எண்டு சொல்லும். தண்ணி உப்பா?"

"எங்களுக்கு எப்பவும் கொஞ்சம் உப்புத்தானே. எப்பிடிச் சொல்லுறது?"

சனிக்கிழமை காலை 6.30க்கு யாழ்ப்பாணத்தில் குறிகட்டுவான் படகுத்துறைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். கட்டணம் 170 ரூபா, தூரம் முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல், ஒரு மணி இருபது நிமிடம். பண்ணையைத் தாண்டி மண்டைதீவுச் சந்தி வந்ததும் இடது பக்கம் இருங்கள், காட்சி நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அன்று தெரிந்ததெல்லாம் நிலம் கடலைவிட எவ்வளவு கொஞ்சம் உயரம் என்பதுதான். குறிகட்டுவானில் 8.15க்குத் தனியார் படகு, 250 ரூபா, ஒரு மணி நேரம். "அக்கா, உள்ளுக்கை இருங்கோ, மேலை நிண்டால் நனைவியள்" என்றார் படகுக்காரர். மேலேயே நின்றேன். நனைந்தேன்.

இறங்குதுறையில் ஜெசிந்தாவின் கணவர் அருள் மோட்டார் சைக்கிளோடு நின்றார். மாடு வளர்க்கிறவர், பதினான்கு மாடு. "மிஸ், நீங்கள் சொன்ன அஞ்சடியிலை மூண்டடி மிச்சம் கிடக்கு. இண்டைக்கு முடிப்பமோ?" என்றார். சிரிக்கவில்லை.

குடிக்க மூன்று கிலோமீற்றர் போய்க் பிளாஸ்ரிக் கானில் தண்ணீர் கொண்டுவரலாம். பதினான்கு மாட்டுக்குக் கொண்டுவர ஏலாது. கிணறு போனால் மாடும் போகும். அவர் சிரிக்காததற்கு அதுதான் காரணம்.

தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் பேனா அளவான கருவி ஒன்று கைப்பையில் இருந்தது. என் அனுபவத்தில் எண் 1,500க்குள் இருந்தால் யோசிக்காமல் குடிக்கலாம். 2,500ஐத் தாண்டினால் நான் குடிக்கச் சொல்வதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க முதலில் பக்கத்து வளவுக் கிணறு. மேலும் கீழும் 1,150. பிறகு போத்தலில் கயிறு கட்டி இவர்கள் கிணற்றில் இறக்கினேன். மேலே 1,300. அடியில் 2,600.

"என்ர பிழை" என்றேன்.

ஜெசிந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீர் ஒருநாளும் பிழை எண்டு சொன்ன ஆள் இல்லை. எழுதித் தாரும், சட்டம் போட்டு மாட்டுறன்."

உடைத்த கற்கள் கிணற்றடியிலேயே குவிந்து கிடந்தன. அவற்றை உள்ளே போட்டு, மேலே குளத்துக் களிமண்ணை ஒரு சாண் மிதித்து இறுக்கினோம். மூன்று மணி நேரம். நீர் இனிப் பக்கங்களிலிருந்து மட்டும் வரவேண்டும். மோட்டரை அருள் கழற்றிக் குசினிக்குள் வைத்தார்.

ஞாயிறு காலை அடியில் 1,400. அருளின் முகம் மலர்ந்தது. நான் நம்பவில்லை. அடியை நாங்களே மேலே கொண்டுவந்துவிட்டோம், எண் இறங்கத்தானே செய்யும்? இறைத்தால் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. நாற்பது வாளி அள்ளச் சொன்னேன்.

"பெரியவையின்ர படிப்பெல்லாம் கடைசியிலை என்ர தோள்மூட்டிலைதான் வந்து நிக்குது" என்று சொல்லிக்கொண்டே அருள் அள்ளினார்.

அள்ளி முடித்ததும் 1,420. திங்கள் காலை ஆறு மணிக்கு மேலே 1,200, அடியில் 1,240. மூன்று போத்தல் எடுத்தேன். மூன்றும் அதையே சொன்னன. கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தேன்.

"அப்ப மாட்டை அவிட்டு விடலாமோ?"

"ஓம், விடுங்கோ."

பதினான்கும் தொட்டியைச் சுற்றி நின்று குடித்தன. மாடு உவர்நீரையும் குடிக்கும், அது சான்று ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். அருள் சிரித்துக்கொண்டு நின்றார். கருவியைத் துடைத்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

முதல் படகிலேயே திரும்பியதால் தீவின் பேர்போன காட்டுக் குதிரைகளைத் தூரத்தில் பின்பக்கமாக மட்டும் பார்த்தேன். அவற்றைப் பற்றி வேறு இடத்தில் படித்துக்கொள்ளுங்கள். படகு நேரம் காற்றைப் பொறுத்து மாறும், முதல்நாளே விசாரியுங்கள். தீவுக்குள் வாடகைச் சைக்கிள் போதும், நாளுக்கு 500 ரூபா கேட்டார்கள். தொப்பி அவசியம். யாருடைய வீட்டிலாவது தங்கினால் வாளியால் அள்ளிக் குளியுங்கள். விருந்தாளிக்காக மோட்டரைப் போட அவர்கள் தயங்கமாட்டார்கள், நீங்கள்தான் வேண்டாம் என்று சொல்லவேண்டும்.

கிணற்றை ஆழமாக்கலாமா என்று இந்த வாரமும் ஒருவர் படம் அனுப்பிக் கேட்டார். தெரியாது, வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுதினேன்.